மைதானத்தை விட்டு வெளியேறும் உரிமை: சாமுவேல் எட்டோவை முன்வைத்து

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டில் பாகுபாடு குறித்துப் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெரிய தலைப்பு. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒரே ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பேசுவது பயன்படும் என்று நினைக்கிறேன். கேமரூன் நாட்டின் சாமுவேல் எட்டோ. கால்பந்து பார்க்கிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எட்டோ 1981இல் பிறந்தவர். டுவாலா துறைமுக நகரத்தில் வளர்ந்தவர். அங்கிருந்த ஒரு கால்பந்துப் பயிற்சி அகாடமியிலிருந்து பதின்ம வயதிலேயே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனார். அது உலகின் பணக்கார கிளப்களில் ஒன்று. ஆனால் அங்கே அவருக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. லெகானஸ், எஸ்பான்யோல் என்று வேறு கிளப்களுக்கு இரவலாக அனுப்பினார்கள். கால்பந்துத் தொழிலில் ஆட்டக்காரரை இப்படி இரவல் கொடுப்பதும் வாங்குவதும் சாதாரணம். கடைசியில் 2000இல் மயோர்கா என்ற தீவு நகரத்து கிளப்பில் நிலைத்தார்.

அதே 2000இல் சிட்னி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கேமரூன் எதிர்கொண்டது ஸ்பெயினை. இடைவேளையில் ஸ்பெயின் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு ஆட்டம் 2-2 என்று சமனானது. சமன் செய்த கோலை அடித்தவர் 19 வயது எட்டோ. பெனால்டி உதைகளில் கேமரூன் தங்கம் வென்றது. 2003இல் மயோர்கா தன் வரலாற்றிலேயே ஒரே ஒருமுறை ஸ்பெயினின் அரசர் கோப்பையை வென்றது. 3-0 என்ற அந்த வெற்றியில் 2 கோல்கள் எட்டோவுடையவை.

2004இல் பார்சிலோனா அவரை 2.4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அந்தப் பணம் மயோர்காவுக்கு மட்டும் போகவில்லை. அவர் மீதான உரிமையில் பாதியை ரியல் மாட்ரிட் இன்னும் வைத்திருந்தது. ஒரு மனிதரின் உழைப்பின் மீதான உரிமையை இரண்டு கிளப்கள் பாதிப் பாதியாக வைத்திருந்து, விற்றபோது பங்கு பிரித்துக்கொண்டன. 2.4 கோடி என்ற இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பார்சிலோனாவில் அறிமுகமானபோது எட்டோ ஒரு வாக்கியம் சொன்னார். வெள்ளையனைப் போல வாழ்வதற்காகக் கறுப்பனைப் போல ஓடுவேன் என்பதுதான் அது. ஸ்பெயினில் கறுப்பனைப் போல உழைப்பது என்றொரு வழக்கு இருக்கிறது. அடிமை வணிகக் காலத்தின் மிச்சம். அந்த வழக்கை எடுத்துத்தான் அவர் திருப்பிச் சொன்னார். பலர் சிரித்தார்கள், பலர் பாராட்டினார்கள்.

அந்த வாக்கியத்தை நான் ஓர் ஒப்பந்தமாகப் படிக்கிறேன். நான் என் உடலைத் தருகிறேன், நீங்கள் மரியாதை தாருங்கள் என்பதே அதன் பொருள். உழைத்தால், படித்தால், ஜெயித்தால் நம்மையும் மனிதராக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இந்த நம்பிக்கை நம் வீடுகளுக்கும் புதிதல்ல. 'நல்லாப் படிச்சு முன்னுக்கு வந்துட்டா எவனும் எதுவும் சொல்ல முடியாது' என்று சொல்லித்தான் நம்மில் பலரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

எட்டோ தன் பக்கத்து ஒப்பந்தத்தை முழுமையாக நிறைவேற்றினார். பார்சிலோனாவில் 5 பருவங்கள், 3 லீக் பட்டங்கள், லீக் ஆட்டங்களில் மட்டும் 100க்கு மேற்பட்ட கோல்கள். 2005-06 பருவத்தில் 26 கோல்களோடு ஸ்பெயின் லீக்கில் முதலிடம். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அர்செனலுக்கு எதிராகப் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. 2009 இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான முதல் கோலும் அவருடையதே. ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது 4 முறை. ஒரு முன்கள ஆட்டக்காரரிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

மறுபக்கம் என்ன கொடுத்தது என்று பார்ப்போம்.

ஸ்பெயினின் பல மைதானங்களில் அவர் காலில் பந்து வந்ததும் கேலரியிலிருந்து குரங்கு ஒலி எழும். ஓரிருவர் அல்ல, கூட்டமாக. 2005 பிப்ரவரியில் சரகோசா மைதானத்தில் இப்படி நடந்தபோது, கோல் அடித்துவிட்டு எட்டோ குரங்கைப் போலவே ஆடிக் காட்டினார். அவமானத்தைக் கேலியாக்கித் திருப்பி எறிவது ஒருவகை எதிர்ப்பு. ஆனால் கேலரிக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2006 பிப்ரவரி 25. அதே சரகோசா, அதே லா ரொமரேடா மைதானம், அதே ஒலி. ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும். எட்டோ ஆடுவதை நிறுத்திவிட்டார். இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மைதானத்தை விட்டு வெளியேற நடந்தார்.

அப்போது நடந்ததுதான் இன்றைய பேச்சின் மையம். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சக ஆட்டக்காரர்கள், எதிரணி ஆட்டக்காரர்கள், நடுவர், பயிற்சியாளர். கைகளைப் பிடித்து, தோளில் தட்டி, கெஞ்சி நிறுத்தினார்கள். அவர்களில் ரொனால்டினோ இருந்தார். பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கார்ட் இருந்தார். அவர் சுரினாம் வம்சாவளியில் வந்த கறுப்பர். இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. எட்டோவின் மீது அன்பு கொண்டவர்கள்தான். இருந்தும் அவர்கள் அனைவரும் சேர்ந்து சமாதானப்படுத்தியது யாரை? கத்திக்கொண்டிருந்த கேலரியை அல்ல, அடி வாங்கியவரை.

எட்டோ திரும்பி வந்தார். ஆடினார். பார்சிலோனா 2-0 என்று வென்றது. ஆட்டம் நின்றுவிடாமல் காப்பாற்றப்பட்டது. ஒளிபரப்பு, விளம்பரம், புள்ளிப்பட்டியல் எதற்கும் குறை வரவில்லை.

இதிலே சட்டமும் எப்படி இருக்கிறது பாருங்கள். கால்பந்து விதிகளின்படி நடுவரின் அனுமதியில்லாமல் ஆட்டக்காரர் வேண்டுமென்றே மைதானத்தை விட்டு வெளியேறினால் மஞ்சள் அட்டை. அதாவது, அவமானம் தாங்காமல் வெளியே நடப்பது ஓர் ஆட்டக்காரரின் குற்றமாக விதிப்புத்தகத்திலேயே அடங்கிவிடுகிறது. குரங்கு ஒலி எழுப்பும் கேலரிக்குக் காட்ட நடுவரிடம் அட்டை கிடையாது.

சரகோசா கிளப்புக்கு என்ன தண்டனை? 9,000 யூரோ அபராதம்.

இப்போது அந்த 2.4 கோடியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கூடவே இன்னொரு தொகையையும் வையுங்கள். 2005இல் பார்சிலோனா லீக் பட்டம் வென்ற கொண்டாட்டத்தில் எட்டோ ஒலிபெருக்கியில் ரியல் மாட்ரிட்டைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். தவறுதான், பிறகு மன்னிப்பும் கேட்டார். அதற்காக ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு விதித்த அபராதம் 12,000 யூரோ. ஒரு பணக்கார கிளப்பை ஒரு கறுப்பர் திட்டினால் 12,000. அந்தக் கறுப்பரை ஒரு மைதானமே குரங்கென்று கத்தினால் 9,000. முதலாவதை ஒரு தனிமனிதர் கட்ட வேண்டும், இரண்டாவதை ஒரு கிளப் கட்டினால் போதும். நிறவெறி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் கேலரியை மட்டும் பார்க்கிறார்கள். அபராதப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு தொகை 3,000 யூரோ. 2004 அக்டோபரில் ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளர் லூயிஸ் அரகோனஸ், தன் ஆட்டக்காரர் ஒருவருக்கு உற்சாகமூட்டுவதாக நினைத்துக்கொண்டு, பிரான்ஸின் தியரி ஹென்றியை நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். கேமராவில் பதிவானது. அதற்கு விதிக்கப்பட்ட அபராதம்தான் இந்த 3,000.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அரகோனஸ் மயோர்காவில் எட்டோவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். இருவருக்கும் தந்தை மகன் போன்ற உறவு. இந்த விவகாரத்தில் எட்டோ அவருக்கு ஆதரவாகத்தான் பேசினார். எட்டோவை இதற்காகக் குறை சொல்லத் தேவையில்லை. தனிப்பட்ட அன்பும் நிறவெறியும் ஒரே மனிதருக்குள் ஒன்றாக வாழ முடியும் என்பதைத்தான் இது காட்டுகிறது. 'எங்க முதலாளி அப்படியெல்லாம் பார்க்க மாட்டாரு' என்று சொல்கிற எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. தனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒருவர் நல்லவராக இருப்பதற்கும், அந்த ஒருவரின் இனத்தையே அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டியதில்லை.

தன் பிள்ளைகளை ஆட்டம் பார்க்க மைதானத்துக்கு அழைத்து வருவதில்லை என்று எட்டோ அந்த நாட்களில் சொன்னார். கேலரியில் கேட்கும் சொற்களைக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வது கடினம் என்றார். வெள்ளையனைப் போல வாழ்வதற்காக ஓடியவர் இவர். உலகின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர். தன் ஆட்டத்தைத் தன் பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை. ஒப்பந்தத்தின் மறுபக்கம் கையெழுத்தே போடப்படவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

'திறமை' என்று நம்மிடம் பேசுகிறவர்களுக்கு எட்டோவின் வாழ்க்கை நல்ல பதில். திறமை இருந்தால் பாகுபாடு தானாக மறைந்துவிடும் என்கிறார்கள். கால்பந்தைவிடத் திறமையை வெளிப்படையாக அளக்கும் தொழில் எது? கோலை எண்ணிவிடலாம். மதிப்பெண்ணைப் போலவோ நேர்முகத் தேர்வைப் போலவோ அதில் யாரும் கை வைக்க முடியாது. அப்படி எண்ணி எண்ணி நிரூபித்த பிறகும் குரங்கு ஒலி நிற்கவில்லை. ஏனென்றால், அந்த ஒலி அவருடைய திறமையின்மைக்கான பதிலாக ஒருபோதும் இருக்கவில்லை. அவர் அங்கே இருப்பதற்கான பதில் அது. சரியாக ஆடாதபோது கத்துவார்கள், நன்றாக ஆடினால் இன்னும் கூடுதலாகக் கத்துவார்கள்.

இந்தியாவில் இதற்கு இணையாக வந்தனா கட்டாரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் முன்களத்தில் ஆடியவர்தான், ஹாக்கியில். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 3 கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாட்களில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்று ஹரித்வாருக்கு அருகில் ரோஷ்னாபாத் கிராமத்தில் அவர் வீட்டு முன்னால் ஆதிக்கச் சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று கத்தினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நிறமும் சாதியும் ஒன்றல்ல, இயங்கும் விதம் வேறு. ஆனால் 3 கோலும் 26 கோலும் மனிதத் தகுதிச் சான்றாக ஏற்கப்படாத இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

அப்படியென்றால் என்னதான் மாறியது, எப்படி மாறியது? இதற்கும் எட்டோவின் பாதையிலேயே விடை இருக்கிறது.

2009இல் பார்சிலோனா அவரை இத்தாலியின் இன்டர் மிலானுக்குக் கொடுத்துவிட்டு இப்ராஹிமோவிச்சை வாங்கியது. எட்டோவோடு சேர்த்துக் கோடிக்கணக்கில் பணமும் கொடுத்தது. போன முதல் பருவத்திலேயே இன்டர் 3 கோப்பைகளையும் வென்றது. இடையில் பயிற்சியாளர் மொரின்யோ கேட்டுக்கொண்டபடி, தன் இடத்தை விட்டு ஓரத்துக்குப் போய்த் தடுப்பாட்டமும் ஆடினார் இந்த ஸ்ட்ரைக்கர். 2010 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நடந்தது ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். தன்னை ஆடவிடாத கிளப்பின் மண்ணில் கோப்பையைத் தூக்கினார்.

2010 அக்டோபரில் காலியாரி நகரத்தில் இன்டர் ஆடியபோது மீண்டும் குரங்கு ஒலி. இந்த முறை நடுவர் ஆட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தினார். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. வெற்றிக் கோலை அடித்தவர் எட்டோ. 2006இல் ஆட்டக்காரர் நிறுத்த முயன்று முடியாமல் போனதை 2010இல் நடுவரே செய்தார். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் 2009இல் மூன்று படிகள் கொண்ட ஒரு நடைமுறையை வகுத்திருந்தது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிப்பது, அடுத்து ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்புவது, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது.

காகிதத்தில் இருப்பதால் மட்டும் போதாது என்பதையும் அதே காலியாரி காட்டியது. 2017 ஏப்ரலில் அங்கே ஆடிய கானா நாட்டின் சல்லி முன்டாரி, கேலரியின் நிறவெறிக் கூச்சலைப் பற்றி நடுவரிடம் முறையிட்டார். இவர் இன்டரில் எட்டோவோடு சேர்ந்து கோப்பைகள் வென்றவர். முறையிட்டதற்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. வெறுத்துப்போய் வெளியேறினார். அதற்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. கூச்சலிட்டவர்கள் சுமார் 10 பேர்தான் என்பதால் கிளப்புக்குத் தண்டனை இல்லை என்றார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் முன்டாரியின் தடையை நீக்கினார்கள்.

2020 டிசம்பர் 8, பாரிஸ். துருக்கி கிளப்பான பஷாக்‌ஷெஹிரின் உதவிப் பயிற்சியாளர் பியர் வெபோ. கேமரூன் அணியில் எட்டோவோடு ஆடிய ஸ்ட்ரைக்கர். நான்காவது நடுவர் அவரைப் பெயர் சொல்லாமல் நிறத்தைச் சொல்லிச் சுட்டினார். ஆட்டக்காரர் டெம்பா பா நேராகப் போய்க் கேட்டார்: ஒரு வெள்ளையரைச் சுட்டும்போது 'அந்த வெள்ளையர்' என்று சொல்வீர்களா? பிறகு இரு அணிகளும் சேர்ந்தே வெளியேறின. ஆட்டம் மறுநாள்தான் நடந்தது, வேறு நடுவர்களோடு.

2006க்கும் 2020க்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். சரகோசாவில் ஒருவர் வெளியேற நடந்தார், மற்றவர்கள் அவரைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். பாரிஸில் ஒருவருக்காக எல்லோரும் வெளியேறினார்கள். கூட நிற்பது என்பதன் பொருளே இந்த இடைவெளியில் மாறியிருக்கிறது. 'போகாதே, பொறுத்துக்கொள்' என்று தோளில் கை போடுவதும் ஆதரவு போலத்தான் தெரியும். 'நீ போனால் நாங்களும் வருகிறோம்' என்பதுதான் நிலைமையை மாற்றும்.

ஸ்பெயினும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. விளையாட்டில் வன்முறைக்கும் நிறவெறிக்கும் எதிரான சட்டம் 2007இல் வந்தது. ஆனால் 2023 மே மாதம் வலென்சியாவில் பிரேசிலின் வினிசியஸ் ஜூனியருக்கும் அதே குரங்கு ஒலிதான். 2024 ஜூனில் அந்த ரசிகர்களில் 3 பேருக்கு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கால்பந்து மைதான நிறவெறிக்காக ஸ்பெயினில் வழங்கப்பட்ட முதல் தண்டனை என்று அது குறிப்பிடப்பட்டது. எட்டோ வெளியேற நடந்ததிலிருந்து கணக்கிட்டால் 18 ஆண்டுகள். அதே 2024இல், ஆட்டக்காரர் கைகளை மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினால் நிறவெறி நடக்கிறது என்று நடுவருக்குத் தெரிவிக்கும் அடையாளமாக அதை ஃபிஃபா ஏற்றுக்கொண்டது. முறையிடுவதற்கு இனி மஞ்சள் அட்டை இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

எட்டோவைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. பார்சிலோனா காலத்து வரி ஏய்ப்பை ஸ்பெயின் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2022இல் நிறுத்திவைக்கப்பட்ட 22 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு கத்தாரில் உலகக் கோப்பையின்போது மைதானத்துக்கு வெளியே ஒருவரை உதைத்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. 2021 டிசம்பரில் கேமரூன் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2024இல் தேசிய அணியின் ஆட்டங்களுக்கு வர அவருக்கு ஃபிஃபா 6 மாதத் தடை விதித்தது.

இவற்றைச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பாதிக்கப்பட்டவர் அப்பழுக்கற்றவராக இருந்தால்தான் நீதி உண்டு என்ற நிபந்தனையை நாம் ஏற்கக் கூடாது. வரி ஏய்த்தவரையும் குரங்கென்று அழைக்க யாருக்கும் உரிமையில்லை. இரண்டு, நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். நாற்காலி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டோவின் நாற்காலி வலென்சியா கேலரியை வாயடைக்க வைக்கவில்லை. அதை அசைத்தவை கூட்டாக வெளியேறிய கால்களும், வழக்குத் தொடுத்தவர்களும், அவர்களுக்குப் பயன்பட்ட சட்டமும்தான்.

முடித்துக்கொள்கிறேன். கல்லூரியில், அலுவலகத்தில், விடுதியில் நம் பிள்ளை ஒருவர் அவமானப்பட்டு வெளியே நடக்கும்போது, நாம் அனைவரும் ஓடிப்போய்ச் சொல்வது என்ன? 'படிப்பு கெட்டுடும், வேலை போயிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ.' அன்போடுதான் சொல்கிறோம். அடுத்த முறை அப்படிச் சொல்ல வாய் வரும்போது சரகோசாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு சேர்ந்து நடக்க எத்தனை பேர் இருக்கிறோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.